காட்டுக்குக் கொண்டுபோகும் கத்தி

உபாகமம் 19ஆம் அதிகாரத்தில் ஒரு விபத்து சொல்லப்படுகிறது. இருவர் விறகு வெட்டக் காட்டுக்குப் போகிறார்கள். ஒருவன் கோடாலியை ஓங்க, இரும்பு பிடியை விட்டுக் கழன்று மற்றவன்மேல் பட்டு அவன் இறந்துபோகிறான். வெட்டியவன் மனதில் பகை எதுவும் இல்லை. ஆனாலும் அவன் தன் ஊரை விட்டு அடைக்கலப் பட்டணத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது. சரியாக இறுக்காத ஒரு பிடியால் ஓர் உயிர் போயிற்று, இன்னொருவன் இடம்பெயர்ந்தான். இந்தப் பகுதியை நாம் வழக்கமாக நீதியையும் இரக்கத்தையும் பற்றிப் படிக்கவே எடுப்போம். இம்முறை அந்தக் கோடாலியைப் பற்றியும் அதன் பிடியைப் பற்றியும் படிப்போம்.

வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் வெளியேறிய குடும்பங்களுக்குக் காணிகள் பகுதி பகுதியாகவே திரும்பக் கிடைத்தன. வன்னியில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் விட்டுவந்த வயலுக்கும் மேட்டுக்காணிக்கும்கூட எவரும் ஒரே நாளில் குடும்பத்தோடு போய்க் குடியேறவில்லை. வீட்டுக்கு ஒருவரோ இருவரோ முதலில் போவார்கள். வேலி எது, கிணறு எங்கே என்று பார்த்து, இரண்டு மூன்று இரவு தறப்பாளின் கீழ் தங்கி, வழி வெட்டிவிட்டுத் திரும்புவார்கள். அப்படி இனிப் போக இருப்பவர்களையும், பயிர்க்காவலுக்காகக் காட்டோரம் கொட்டில் போட்டுத் தங்குபவர்களையும் மனதில் வைத்தே இந்தப் பாடம் எழுதப்படுகிறது. அரிசி, தண்ணீர், சட்டி, தறப்பாள், கயிறு ஆகியவற்றைச் சைக்கிள் போகும் மட்டும் சைக்கிளிலும் பிறகு தோளிலும் சுமக்க வேண்டும். அந்தச் சுமையில் வெட்டும் கருவிக்கு எவ்வளவு இடம் கொடுப்பது, எதைக் கொண்டுபோவது?

(கருவிகளை நம் தச்சரும் கொல்லரும் ஆயுதம் என்றே சொல்வார்கள். அந்தச் சொல்லைச் சோதனைச் சாவடியில் வாய்தவறிச் சொல்லிவிட்டுப் பட்ட பாடு சிலருக்கு நினைவிருக்கும்.)

வெட்டத் தொடங்க முன்

எந்தக் கத்தி என்பதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கண்ணிவெடி அகற்றி முடிந்ததென்று முறையாகக் கையளிக்கப்படாத காணிக்குள் எந்தக் கத்தியோடும் போக வேண்டாம். கிராம அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொண்ட பின்பே போங்கள். “மாடு போய் வருகிறதுதானே” என்பது அத்தாட்சி அல்ல. துப்புரவாக்கிய காணியிலும் பற்றைக்குள் சந்தேகமான இரும்பு தட்டுப்பட்டால் கத்தி நுனியால் கிளறிப் பார்க்கக் கூடாது. அந்த இடத்திலேயே நின்று, வந்த காலடியிலேயே திரும்பி வந்து, பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். பற்றைக்கு நெருப்பு வைத்தால் இருப்பதெல்லாம் வெடித்துத் தீர்ந்துவிடும் என்று சொல்வோரும் உண்டு. அது பெரும் பிழை. வெடிப்பது வெடிக்கும், வெடிக்காமல் சூடேறிக் கிடப்பது முன்னிலும் ஆபத்தானதாகிவிடலாம்.

கோடாலியா, கத்தியா?

கோடாலி பாரத்தால் வேலை செய்கிறது. அதன் தலை மட்டும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரும். தொடை மொத்தமான பாலையையும் வீரையையும் தறிக்கவும், காய்ந்த கட்டையைப் பிளக்கவும் அதற்கு நிகர் இல்லை. ஆனால் முதல் மூன்று நாளில் நீங்கள் வெட்டப் போவது பாலை மரம் அல்ல. நாயுண்ணி, சூரை, இளம் உடை, ஈச்சு, கொடிகள் ஆகியவையே வழியை மறித்து நிற்கும். பச்சைத் தடி கோடாலிக்கு வளைந்து விலகிக் கொடுக்கும், வெட்டு விழாது. முள்ளுப் பற்றையில் கோடாலி ஓங்கியவருக்கு அது தெரியும்.

கைக்கோடாலி பைக்குள் அடங்கும் என்பதால் இளைஞர்கள் அதை விரும்புகிறார்கள். நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். நீளப் பிடிக் கோடாலி குறி தவறினால் பெரும்பாலும் நிலத்தில் போய்க் குத்தும். ஓர் அடிப் பிடியுள்ளது குறி தவறினால் அதன் வீச்சு முடியும் இடத்தில் உங்கள் முழங்காலோ கணைக்காலோ இருக்கும். மரத்தைத் தறிக்க அதன் பாரம் போதாது, பற்றைக்கு அதன் நீளம் போதாது.

கடைகளில் தொங்கும் மெல்லிய நீளக் கத்தி இன்னொரு வகை. ஒன்றரை அடி நீளமும் தகடுபோன்ற மெல்லிய உடலும் கொண்டது. புல், கொடி, வாழை, நாயுண்ணி ஆகியவற்றுக்கு அது மிக நல்லது, கை களைக்காது. ஆனால் நம் பக்கத்துக் காடு மென்மரக் காடு அல்ல. முதிரையிலும் பாலையிலும் பட்டால் அந்தக் கத்தி துள்ளும், சிலவேளை முறுகும். துள்ளுகிற கத்தி எங்கே போய் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. மீள்குடியேற்றத்தின்போது ஒரு நிறுவனம் பகிர்ந்த கத்தி ஒன்றை நான் வாங்கிப் பார்த்தேன். கைமொத்த முதிரைத் தடியில் நாலாவது வெட்டிலேயே வாய் ஓலை மடிந்ததுபோல மடிந்துபோயிற்று.

கம்மாலையில் அடித்த, நுனி வளைந்த காட்டுக்கத்தியே இந்த நிலத்துக்குப் பொருத்தமானது. லொறியின் வில்லுத் தகட்டில் அடித்தது, வாய் பத்து முதல் பன்னிரண்டு அங்குலம், அகலம் இரண்டு அங்குலம், முதுகு கால் அங்குல மொத்தம், எல்லாமாக 700 அல்லது 800 கிராம் பாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதுகு மொத்தமாக இருப்பதால் காய்ந்த தடியிலும் வெட்டு இறங்கும். வளைந்த நுனியால் முள்ளுக் கிளையைக் கொளுவி இழுக்கலாம், கையை உள்ளே விட வேண்டியதில்லை. நிலத்தோடு வெட்டும்போது அந்த வளைவே முதலில் மண்ணில் படுவதால் வாய் கல்லில் அடிபடுவதும் குறைகிறது. மணிக்கட்டு மொத்தத் தடி நாலைந்து சரிந்த வெட்டில் விழும். அதுதான் தறப்பாளுக்குக் கால். சிறு விறகு பிளக்க, கட்டையின் தலையில் வாயை வைத்து முதுகில் ஒரு மரத் துண்டால் தட்டினால் போதும். கல்லாலோ கோடாலியாலோ தட்டக் கூடாது.

ஆகவே ஒன்றை மட்டுமே தூக்க முடியும் என்றால் இந்தக் கத்தியைத் தூக்குங்கள். இன்னும் ஒன்றரைக் கிலோ தாங்கும் என்றால் கோடாலியின் தலையை மட்டும், பிடி கழற்றி, சாக்கில் சுற்றிக் கொண்டுபோங்கள். பிடியை அங்கேயே ஒரு தடியில் கத்தியால் செதுக்கிக்கொள்ளலாம். பிக்கானைப்போல, பிடி மேலிருந்து இறங்கித் தானாக இறுகும் காதுள்ள கோடாலி இதற்கு வசதி. ஆப்பு அடித்து இறுக்கும் வகையைக் கழற்றிப் பூட்டுவது கரைச்சல். மூன்றாவதாக ஓர் அரம். விறகு நிறைய அரிய வேண்டியிருந்தால் வில்லு வாளையும் யோசிக்கலாம். கட்டையைத் துண்டாக்க அதுவே குறைந்த பலத்தில் கூடிய வேலை செய்யும். ஆனால் அதன் அலகு முறிந்தால் காட்டில் வேறு கிடைக்காது.

யார் கைக்கு?

கத்தி வாங்கப் போகிறவர் பெரும்பாலும் ஆண். வாங்கிய கத்தியை ஆண்டு முழுவதும் பிடிப்பவர் பல வீடுகளில் பெண். கணவனை இழந்து தனியே காணி திருத்தும் தாய்மார் நம்மிடையே எத்தனையோ பேர். அவர்கள் அண்ணனுக்கோ மச்சானுக்கோ அளவாக அடித்த ஒரு கிலோக் கத்தியைத் தூக்கி வெட்டி, பின்னேரம் கை நடுங்கும்போதுதான் காலை வெட்டிக்கொள்கிறார்கள். கம்மாலைக்கு அவர்களே போக வேண்டும்.

கத்தியைப் பிடித்து, கையைத் தோள் உயரத்துக்கு நேரே நீட்டி, ஆறுதலாக முப்பது வரை எண்ணிப் பாருங்கள். அதற்குள் நுனி தாழ்ந்து நடுங்கினால் அது உங்களுக்குப் பாரம் கூடிய கத்தி. பிடியைச் சுற்றி மூடும்போது விரல் நுனிகள் பெருவிரலின் அடியைத் தொட வேண்டும். தொடாமல் நின்றால் பிடி மொத்தம். உள்ளங்கைக்குள் புதைந்தால் மெல்லியது, வெட்டும்போது சுழலும். பிடியின் கடைசியில் ஒரு சிறு குமிழோ வளைவோ இருப்பது நல்லது. வியர்த்த கையிலிருந்து கத்தி வழுக்கிப் போகாது.

கம்மாலையில் பார்க்க வேண்டியவை

நல்ல இரும்பும் பிழையான தோய்ச்சலும் சேர்ந்தால் கெட்ட கத்தி. தோய்ச்சல் என்பது காய்ச்சிய இரும்பைச் சட்டென்று ஆறவைத்து இறுக வைப்பதும், பிறகு அளவாகச் சூடுகாட்டி அந்த இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துவதும் ஆகும். முதலாவது மட்டும் செய்தால் வாய் கண்ணாடிபோல் உதிரும். இரண்டாவது கூடிப்போனால் வாய் மடியும். “ஐயா, தோய்ச்சல் எதிலை வைச்சனீங்கள்?” என்று தயங்காமல் கேளுங்கள். வில்லுத் தகட்டைத் தண்ணீரில் தோய்த்தால் நுண்ணிய வெடிப்பு விழக்கூடும். எண்ணெய் அதற்குப் பாதுகாப்பு. தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்கமாட்டார், கதைக்கத் தொடங்கிவிடுவார்.

பிறகு நீங்களே சோதியுங்கள். பிடி போட முன் கத்தியை ஒரு நூலில் தொங்கவிட்டு ஆணியால் தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்க வேண்டும். “டொக்” என்று அடங்கினால் எங்கோ வெடிப்பு இருக்கலாம், அதை எடுக்க வேண்டாம். வாயின் ஓரத்தில் அரத்தை ஒருமுறை மெல்லத் தள்ளிப் பாருங்கள். அரம் கடிக்கவும் வேண்டும், அதே நேரம் சற்று எதிர்க்கவும் வேண்டும். கண்ணாடியில் வழுக்குவதுபோல் வழுக்கினால் வாய் உதிரும். ஈயத்தில் போல் இறங்கினால் வாய் மடியும். கடைசியாக, தீட்டிய வாயை ஒரு பெரிய ஆணியின் பக்கத்தில் சரித்து வைத்து அழுத்துங்கள். வாய் மிகச் சிறிதாக வளைந்து, எடுத்தவுடன் நேராக வந்தால் அதுதான் நீங்கள் தேடிய கத்தி. காசு கொடுங்கள்.

பிடிக்குள் போகும் வாலையும் பார்க்க வேண்டும். இரண்டங்குலம் மட்டுமே உள்ளே போய் நிற்கும் வால், ஒரு போகத்துக்குள் ஆடத் தொடங்கும். வால் பிடியை ஊடறுத்து மறுமுனையில் மடங்கியிருக்க வேண்டும், முன்பக்கம் ஓர் இரும்புப் பூணும் இருக்க வேண்டும். இறப்பர் நாடா சுற்றி மறைத்த பிடி என்றால் நாடாவை அவிழ்த்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

எரிந்த வீட்டில் கிடைத்த இரும்பு

திரும்பிப் போனவர்கள் பலர் தம் வீட்டுச் சாம்பலுக்குள்ளிருந்து பழைய கோடாலித் தலையையும் கத்தியையும் எடுத்தார்கள். அப்பா பிடித்த கோடாலி என்று கண்ணீரோடு எடுத்து, புதுப் பிடி போட்டு, மறுநாளே வேலைக்கு இறங்கியவர்களையும் கண்டிருக்கிறேன். வீட்டோடு எரிந்த இரும்பு தோய்ச்சல் போன இரும்பு. பார்வைக்குத் துருவைத் தவிர வேறு குறை தெரியாது. ஆனால் வாய் நிற்காது. வாய் நிற்காத கருவியை மேலும் மேலும் பலமாக ஓங்குவோம். அப்படித்தான் விபத்து வருகிறது. அரத்தால் சோதித்தால் உடனே தெரியும். அதை எறிய வேண்டியதில்லை. நல்ல உருக்கென்றால் கம்மாலையில் மீண்டும் தோய்ச்சல் வைத்து எடுக்கலாம், அப்பாவின் கோடாலி அப்பாவின் கோடாலியாகவே இருக்கும்.

இதே காரணத்தால், உடைந்த பிடியின் கட்டை கோடாலிக் காதுக்குள் இறுகிவிட்டால் தலையை அடுப்பில் போட்டு எரிக்கக் கூடாது. நம் ஊரில் அது வழக்கம், கெட்ட வழக்கம். துளையிட்டு, ஆணியால் தட்டி எடுங்கள். எரித்தே ஆக வேண்டுமென்றால் வாயை ஈர மண்ணுக்குள் ஆழப் புதைத்து, காதை மட்டும் சூடாக்குங்கள்.

இன்னொன்று: செல் விழுந்த இடத்து மரங்களுக்குள் இரும்புத் துண்டு இருக்கலாம். பட்டை மூடி வளர்ந்துவிட்டதால் வெளியில் தெரியாது. பட்டையில் பழைய தழும்போ, முடிச்சோ, கறுத்த கறையோ கண்டால் அந்த உயரத்தில் வெட்டாமல் மேலோ கீழோ வெட்டுங்கள். பலா, பனை போன்ற மரங்களைத் தறிக்க அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். காணி உங்களுடையது என்பதால் அந்தச் சட்டம் விலகாது.

பிடி

கோடாலிப் பிடிக்கு விண்ணாங்கு நல்லது; புளியும் பூவரசும் உதவும். பச்சைத் தடியில் போட்ட பிடி காயக் காயச் சுருங்கும். காதுக்குள் இடைவெளி வரும். பிறகு நடப்பதை உபாகமம் சொல்லிவிட்டது. காட்டில் அவசரத்துக்குப் பச்சைப் பிடி போட்டால் ஒவ்வொரு நாளும் காலையில் தலையைத் தட்டிப் பார்த்து இறுக்கிய பின்பே ஓங்க வேண்டும். வீடு வந்ததும் காய்ந்த பிடி மாற்ற வேண்டும். மரத்தின் நார் பிடியின் நீளத்துக்கு நேரே ஓட வேண்டும். நடுவில் பக்கவாட்டில் வெளியேறும் நார் உள்ள பிடி அந்த இடத்தில்தான் முறியும். ஆடும் தலையைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது நம் எல்லோருக்கும் தெரிந்த உபாயம். அது அந்த நாளுக்கு மட்டும். காய்ந்ததும் முன்னிலும் அதிகமாக ஆடும்.

தீட்டுதல்

பிரசங்கி 10ஆம் அதிகாரத்திலே, மழுங்கிய இரும்பைத் தீட்டாதவன் அதிக பலத்தைச் செலவிட வேண்டும் என்ற கருத்து வருகிறது. எழுதியவர் விறகு வெட்டிப் பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அரம் போகும்போது மட்டும் வெட்டும். திரும்பும்போது தூக்கிவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்ப்பவர் அரத்தைத்தான் மழுக்குகிறார். கல்லில் தீட்டும்போது, இரண்டங்குல அகலக் கத்தியின் முதுகைக் கல்லிலிருந்து ஒரு விரல் மொத்தத்துக்கு உயர்த்திப் பிடியுங்கள். அதைவிடத் தாழ்த்தினால் வாய் கூராகும், ஆனால் முதிரையில் உதிரும். கோடாலிக்கு இன்னும் கொஞ்சம் உயர்த்தலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் தீட்ட உதவாது. கடைக்கல் இல்லாவிட்டால் வன்னிப் பக்கத்துக் கருங்கல்லைத் தேடுங்கள், அல்லது ஒரு பலகையில் நனைத்த நுண்மணலைத் தூவித் தீட்டுங்கள். மெஷின் சாணையில் பிடித்து வாய் நீலமாகும்வரை தீட்டினால், எரிந்த வீட்டில் நடந்தது ஒரு நிமிடத்தில் உங்கள் கையிலேயே நடக்கும். அடிக்கடி தண்ணீரில் தோய்த்துத் தோய்த்துப் பிடியுங்கள். வேலை முடிந்ததும் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசி, பழைய சைக்கிள் ரயர்த் துண்டை மடித்துத் தைத்த உறைக்குள் வையுங்கள். உறை இல்லாத கத்தியைப் பஸ்ஸில் கொண்டுபோக வேண்டாம்.

ஓங்கும்போது

தடியைச் செங்குத்தாகக் குறுக்கே வெட்டாமல் சரித்து வெட்டுங்கள். வெட்டு விழும் கோட்டில் உங்கள் கால் இருக்கக் கூடாது. நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கத்தி போக வேண்டும். தலைக்கு மேல் கொடி தொங்கினால் முதலில் அதை அகற்றுங்கள், ஓங்கிய கத்தி அதில் மாட்டித் திசைமாறும். பிள்ளைகள் உங்கள் கையும் கத்தியும் எட்டும் தூரத்தைப்போல் மூன்று மடங்கு தள்ளி நிற்கட்டும். பற்றைக்குள் கை விட முன் நீண்ட தடியால் தட்டுங்கள். புடையன் ஓடுகிற பாம்பு அல்ல, கிடந்த இடத்திலேயே கிடக்கும். கடித்தால் கத்தியால் கீறக் கூடாது, இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வெட்டுக்காயம் பட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து உயர்த்தி வையுங்கள். காயம் சிறிதென்றாலும் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். போக முன்பே அதைப் போட்டுக்கொள்வது இன்னும் நல்லது. விதைப்புக் காலத்தில் ஒருவர் கால்காயத்தோடு படுத்தால் அந்தக் குடும்பத்துக்கு அந்தப் போகமே இல்லை.

குழுவாகச் செய்ய

2 இராஜாக்கள் 6ஆம் அதிகாரத்தின் முதல் ஏழு வசனங்களை வாசியுங்கள். யோர்தானில் விழுந்த கோடாலி இரவல் கோடாலி என்பதுதான் அந்த மனிதனின் பெரிய துயரம். உங்கள் குழுவில் கோடாலியைப் பொதுவில் வாங்கலாமா என்று பேசுங்கள். ஐந்தாறு குடும்பத்துக்கு ஒரு நல்ல கோடாலி போதும் என்பது என் அபிப்பிராயம். கத்தி மட்டும் வீட்டுக்கு வீடு சொந்தமாக இருக்க வேண்டும். பொதுக் கோடாலியை யார் தீட்டுவது, பிடி முறிந்தால் யார் போடுவது என்பதை வாங்க முன்பே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கத்தியையும் கோடாலியையும் உறையிலோ சாக்கிலோ சுற்றிக் கொண்டுவாருங்கள். குழுவில் ஒருவர் அரமும் ஒரு பெரிய ஆணியும் கொண்டுவரட்டும். அரத்தால் கடிப்பது, ஆணியில் வளைப்பது, முப்பது எண்ணுவது ஆகிய மூன்று சோதனைகளையும் எல்லாக் கத்திக்கும் செய்யுங்கள். பிடி ஆடுபவற்றையும் வாய் மடிபவற்றையும் தனியே வைத்து, ஒரே நாளில் ஒரே கம்மாலைக்குக் கொண்டுபோங்கள். பத்துக் கத்தி ஒன்றாகப் போனால் கூலியும் பேசலாம்.